தேறாதவர்களைத் தேடி வந்த போர்

1917 ஏப்ரலுக்குப் பிறகு பிரிட்டனில் பல லட்சம் வீடுகளுக்கு ராணுவத்திடமிருந்து கடிதம் வந்தது. கடிதம் பெற்றவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒருமுறை மருத்துவர் முன் சட்டையைக் கழற்றி நின்று, ‘படைக்கு உதவமாட்டார்’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். இதயக் கோளாறு, காசநோய், குடலிறக்கம், கிட்டப்பார்வை, சிறுவயதில் சத்துக் குறைவால் வளைந்துபோன கால்கள் என்று காரணங்கள் பல. அவர்களில் ஒரு பகுதியினர் சேவைக்குப் போய், அங்கே உடம்பு கெட்டு, ராணுவமே விடுவித்து வீட்டுக்கு அனுப்பியவர்கள். அத்தனை பேரும் திரும்பவும் பரிசோதனைக்கு வரவேண்டும் என்றது கடிதம். அந்த ஏப்ரலில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய விலக்கு மறுஆய்வுச் சட்டம் அதற்கு அதிகாரம் கொடுத்திருந்தது.

அந்த மனிதர்களின் உடம்பு ஒரே ஆண்டில் தேறிவிடவில்லை. மாறியது போர்க்களத்தின் தேவை. முந்தைய ஆண்டு பிரான்சில் சொம் நதிக்கரையில் நடந்த சண்டையில் மட்டும், இறந்தவர்களும் காயப்பட்டவர்களும் காணாமல் போனவர்களுமாக பிரிட்டிஷ் தரப்பில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கணக்கிலிருந்து கழிந்துபோயிருந்தார்கள். அந்த இடத்தை நிரப்ப ஆள் வேண்டியிருந்தது.

உடல் தகுதி என்பது மருத்துவர் பார்த்துச் சொல்லும் முடிவு என்றுதான் நாம் நினைக்கிறோம். கட்டாய ராணுவச் சேவையின் வரலாற்றைப் புரட்டினால், எத்தனை பேர் தேவை என்ற கணக்குதான் பெரும்பாலும் அந்த முடிவை நடத்தியிருக்கிறது என்பது தெரியும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தக் கவலை பழக்கமில்லாதது. இரண்டு உலகப் போர்களிலும் இந்திய ராணுவத்துக்கு இந்தியர்களைக் கட்டாயமாகச் சேர்க்கும் சட்டம் வரவில்லை. நம் ஊர்களில் ராணுவ ஆள்சேர்ப்பு முகாம் என்றால் அது வேலைக்கான தேர்வு. வேலூர் பக்கத்து ஊரிலிருந்து விடியற்காலையில் ஓட்டப் பயிற்சி எடுத்துத் தயாராகும் பையன், மார்பளவிலோ காதிலோ குறை சொல்லப்பட்டு ‘மெடிக்கல்ல அன்ஃபிட்’ ஆகித் திரும்பினால், கைக்கு எட்டிய சம்பளம் போன துக்கம் அந்த வீட்டில். சிங்கப்பூரில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் இதை வேறு மாதிரி அறிந்திருக்கின்றன. அங்கே தேசிய சேவைக்கு அழைக்கப்படும் இளைஞனுக்கு ‘பெஸ்’ எனப்படும் உடல்தகுதித் தரம் கொடுக்கிறார்கள். சண்டைப் பிரிவா, அலுவலக வேலையா என்பது அதைப் பொறுத்தது. ஆனால் அது அமைதிக்கால ஏற்பாடு. போர் நடக்கும்போது, ‘தகுதியில்லை’ என்று எழுதப்பட்ட ஒருவர் எந்த நிலையில் வாழ்கிறார் என்பதைக் காட்ட முதல் உலகப் போர்க்கால பிரிட்டனைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது பிரிட்டனில் கட்டாயச் சேவை கிடையாது. விருப்பப்பட்டவர்கள் சேரலாம், குறைந்தபட்ச உயரம் 5 அடி 3 அங்குலம். ஆள்சேர்ப்பு அலுவலக வாசல்களில் கூட்டம் நெரிந்ததும், செப்டம்பரில் அதை 5 அடி 6 அங்குலமாக உயர்த்தினார்கள். கூட்டம் வடிந்தது. நவம்பருக்குள் அளவு பழைய 5 அடி 3 அங்குலத்துக்கே இறங்கிவிட்டது. அதற்கும் கீழே உள்ளவர்களை விடுவானேன் என்று, பர்க்கன்ஹெட் நகரில் ஆல்ஃபிரட் பிக்லண்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் முயற்சியால் 5 அடிக்கும் 5 அடி 3 அங்குலத்துக்கும் இடைப்பட்டவர்களுக்கென்றே ‘பாண்டம்’ படைப்பிரிவுகள் உருவாயின. குள்ளமான சண்டைச் சேவல் ஒன்றின் பெயர் அது. லண்டன் ஏழை யூதக் குடும்பத்துப் பிள்ளையான கவிஞர் ஐசக் ரோசன்பர்க் 1915-ல் இப்படியொரு பிரிவில்தான் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1918 ஏப்ரல் 1 அன்று பிரான்சில் கொல்லப்பட்டார். செப்டம்பர் 1914-ல் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கக்கூடிய உயரம் அவருடையது.

திருப்பி அனுப்பப்பட்டவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருந்தாரா? தெரு விடவில்லை. 1914 ஆகஸ்ட் 30 அன்று ஃபோக்ஸ்டோன் நகரில் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி சார்லஸ் பென்ரோஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு முப்பது பெண்களைத் திரட்டி, சாதாரண உடையில் தென்படும் இளைஞர்களுக்கு வெள்ளை இறகு கொடுக்கச் சொன்னார். வெள்ளை இறகு கோழைக்கு அடையாளம். இந்தப் பழக்கம் நாடெங்கும் பரவியது. டிராமிலும் பூங்காவிலும் தியேட்டர் வாசலிலும் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி வந்து கோட்டில் இறகைச் செருகிவிட்டுப் போவாள். விடுப்பில் வந்த சிப்பாய்க்கும் அது கிடைத்தது. காயம்பட்டு விடுவிக்கப்பட்டவருக்கும் கிடைத்தது. இதயத்தில் ஓட்டை உள்ளவரும், இரவெல்லாம் இருமுபவரும் நடந்துபோகும்போது மற்றவர்களைப் போலத்தான் இருப்பார்கள். ஒரு கால் இல்லாதவரைப் பார்த்து விலகிய கண்கள், நுரையீரல் கெட்டவரை மன்னிக்கவில்லை.

இந்த அவமானத்தின் எடையைப் புரிந்துகொள்ள ஒரு குடும்பத்தைப் பார்க்கலாம். ‘ஜங்கிள் புக்’ எழுதிய ருட்யார்ட் கிப்ளிங்கின் மகன் ஜான் கிப்ளிங்குக்குக் கடுமையான கிட்டப்பார்வை. கண்ணாடி இல்லாமல் சில அடி தூரம்கூடத் தெளிவாகத் தெரியாது. ராணுவம் அவரை ஏற்க மறுத்தது. போருக்கு ஆள் சேர்க்க மேடைமேடையாகப் பேசிய தகப்பனால் அதைத் தாங்க முடியவில்லை. தன் நண்பரும் முன்னாள் தலைமைத் தளபதியுமான லார்ட் ராபர்ட்ஸிடம் பேசினார். ஐரிஷ் கார்ட்ஸ் பிரிவில் மகனுக்கு அதிகாரிப் பதவி கிடைத்தது. 1915 செப்டம்பர் இறுதியில் லூஸ் சண்டையில் ஜான் காணாமல் போனார். பதினெட்டு வயது முடிந்து ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அவருடைய உடல் கிடைக்காமலே கிப்ளிங் 1936-ல் இறந்தார். மருத்துவர் எழுதிய ‘தகுதியில்லை’ அந்தப் பையனைக் காப்பாற்றியிருக்க வேண்டும். செல்வாக்கு அதை அழித்துவிட்டது. கிப்ளிங்கின் துயரம் உண்மையானது, பெரியது. ஆனாலும் அந்தச் சிபாரிசு செய்திருக்கக் கூடாத ஒன்று என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அரசுக்கும் இந்தப் பிரச்சினை தெரிந்திருந்தது. 1915 இறுதியில் லார்ட் டெர்பி பெயரில் நடந்த திட்டத்தில், அழைக்கும்போது வருகிறேன் என்று பதிந்தவர்களுக்குக் காக்கிக் கைப்பட்டை கொடுத்தார்கள். தானாக முன்வந்து தகுதியில்லை என்று தள்ளப்பட்டவர்களுக்கும் அது தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 1916 செப்டம்பரில் வெள்ளியிலான வட்டச் சின்னம் ஒன்று வந்தது. காயத்தாலோ நோயாலோ விடுவிக்கப்பட்ட சிப்பாய்கள் சாதாரண உடையில் அதைக் குத்திக்கொள்ளலாம். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னங்கள் வழங்கப்பட்டன. ஒரு நாடு தன் நோயாளிகளுக்கு, நோயாளி என்று காட்டிக்கொள்ள வில்லை செய்து கொடுத்தது. அது இல்லாமல் அவர்கள் கடைத்தெருவுக்குப் போக முடியாத நிலை இருந்ததால்.

1916 ஜனவரியில் கட்டாயச் சேவைச் சட்டம் வந்தது. 18 முதல் 41 வயது வரையிலான மணமாகாதவர்களும், குழந்தையில்லாமல் மனைவியை இழந்தவர்களும் மார்ச் முதல் சட்டப்படி சிப்பாய்களாகக் கருதப்பட்டார்கள். மே மாதம் மணமானவர்களும் சேர்க்கப்பட்டார்கள். விலக்கு கேட்க உள்ளூர்த் தீர்ப்பாயங்கள் இருந்தன. ஜூன் முடிவதற்குள் 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் அவற்றின் கதவைத் தட்டினார்கள். உடல்நிலை அடிப்படையில் ஏ, பி, சி என்று வகை. ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று படி. ஏ என்றால் போர்முனைக்கு. பி என்றால் கடல் கடந்து போகலாம், சண்டைக்கு அல்ல. சி என்றால் உள்நாட்டில் மட்டும். சி3 கடைசிப் படி: உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மட்டும்.

நாவலாசிரியர் டி. எச். லாரன்ஸ் இந்த ஏணியின் அடிப்படியில் மூன்று வருடம் நின்றார். சுரங்கத் தொழிலாளியின் மகனான அவருக்குச் சிறுவயது முதல் நெஞ்சு பலவீனம். நிமோனியா வந்து பிழைத்தவர். 1916 ஜூனில் கார்ன்வால் வட்டாரத்தில் பாட்மின் படைமுகாமுக்கு வரச்சொன்னார்கள். ஓர் இரவு முழுக்க முகாமில் தங்கவைத்து, மறுநாள் பரிசோதித்து, விலக்கு கொடுத்து அனுப்பினார்கள். 1917 ஜூனில் மறுபடி அழைப்பு. இம்முறை சி3. 1918 செப்டம்பரில், போர் முடிய ஏழு வாரமே இருக்கும்போது, டெர்பி நகரில் மூன்றாவது முறை. வரிசையில் நிர்வாணமாக நிற்கவைத்து அந்தரங்க உறுப்புகள்வரை சோதித்த விதமும், மருத்துவர்களின் பேச்சும் அவரைக் கொதிக்கவைத்தன. தரம் 3 என்று எழுதிக்கொடுத்தார்கள். 1923-ல் வெளியான ‘கங்காரு’ நாவலில் ஒரு நீண்ட அத்தியாயம் முழுவதும் அந்த அவமதிப்புதான். அவருடைய மனைவி ஃப்ரீடா ஜெர்மன் நாட்டவர் என்பதால் வேறொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது: 1917 அக்டோபரில் உளவாளிகள் என்ற சந்தேகத்தில் மூன்று நாளில் கார்ன்வாலைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். படைக்கு வேண்டாம் என்று சொல்லப்பட்ட மனிதர், கடற்கரைக் குடிசையில் இருக்கவும் ஆகாதவரானார். 1930-ல், 44 வயதில், காசநோயால் இறந்தார். அவருடைய நுரையீரலைப் பற்றி முதல் மருத்துவர்கள் எழுதியது சரிதான்.

லாரன்ஸால் எழுத முடிந்தது. மற்றவர்கள் தெருவில் இறங்கினார்கள். 1917 சட்டம் முன்னாள் சிப்பாய்களைத்தான் அதிகம் கொதிக்க வைத்தது. போய் அடிபட்டு வந்தவனை மறுபடி கூப்பிடுகிறார்கள், ஒருமுறைகூடப் போகாதவன் ஊரில் இருக்கிறான் என்பது அவர்கள் முறையீடு. யாரும் இரண்டாவது முறை போவதற்கு முன் எல்லோரும் ஒருமுறை போகட்டும் என்பதே கோஷம். அந்த ஆண்டு உருவான, விடுவிக்கப்பட்ட சிப்பாய்களின் தேசியக் கூட்டமைப்பு ஜூனில் லிவர்பூல் அபர்க்ராம்பி தொகுதி இடைத்தேர்தலில் தன் வேட்பாளராக ஃபிராங்க் ஹியூஸை நிறுத்தியது. எதிரே நின்றவர், போர் அமைச்சர் லார்ட் டெர்பியின் மகன். ஹியூஸ் தோற்றார். ஆனால் அமைச்சரின் சொந்தக் கோட்டையிலேயே நோயாளிச் சிப்பாய்கள் கேள்வி கேட்டதை அரசால் தள்ளிவிட முடியவில்லை.

அந்தக் கோடையில் எட்வர்ட் ஷார்ட் தலைமையில் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. வெளிவந்தவை கேட்கவே கூசும் செய்திகள். ஒரு நிமிடத்தில் முடிந்த பரிசோதனைகள், குடும்ப மருத்துவரின் சான்றிதழைப் பிரித்துக்கூடப் பார்க்காத குழுக்கள், படைக்கு ஏற்றவர்கள் என்று அனுப்பப்பட்டு சில நாளிலேயே மருத்துவமனையில் விழுந்தவர்கள். ஆள் வேண்டும் என்று அவசரப்படும் ராணுவமே, ஆள் தகுதியா என்றும் முடிவு செய்தால் இப்படித்தான் நடக்கும் என்பது பட்டவர்த்தனமானது. பரிசோதனையை ராணுவத்திடமிருந்து எடுத்து, சிவில் அமைப்பான தேசிய சேவை அமைச்சகத்திடம் அந்த இலையுதிர்காலத்தில் ஒப்படைத்தார்கள். போரின் நடுவில், ஆள் பஞ்சத்தின் உச்சத்தில், ஒரு நாடாளுமன்றம் இதைச் செய்தது பெரிய விஷயம். இதற்கு உரிய புகழ் அந்தக் குழுவுக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

புதிய குழுக்கள் 1917 நவம்பர் முதல் ஓராண்டில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகளை நடத்தின. அவசரமில்லாமல் பார்த்தபோது வந்த கணக்கு நாட்டையே உலுக்கியது. முதல் தரத்தில் தேறியவர்கள் 36 சதவீதம் மட்டுமே. ஒன்பது ஆண்களில் மூன்று பேர் நல்ல உடல்நிலையில். இரண்டு பேர் ஏதோ ஒரு குறையோடு. மூன்று பேர் கடின உழைப்புக்கு ஆகாதவர்கள். ஒருவர் நிரந்தர நோயாளி. இவர்கள் எல்லோரும் போருக்கு முன் தறியிலும் சுரங்கத்திலும் துறைமுகத்திலும் பாடுபட்டுக்கொண்டிருந்தவர்கள். அன்று யாரும் அவர்கள் உடம்பை அளக்கவில்லை. 1918 செப்டம்பரில் மான்செஸ்டரில் பேசிய பிரதமர் லாயிட் ஜார்ஜ், சி3 தர மக்களை வைத்துக்கொண்டு ஏ1 தரப் பேரரசை நடத்த முடியாது என்றார். அடுத்த ஆண்டு சுகாதார அமைச்சகமும், நகராட்சிகள் வீடு கட்டித்தர வழிசெய்யும் சட்டமும் வந்தன. பிள்ளைக்குப் பால் இல்லை, வீட்டில் காற்று இல்லை என்று ஏழைத் தாய்மார்கள் அழுதபோது அசையாத அரசு, துப்பாக்கி தூக்க ஆள் குறைந்தபோது அசைந்தது. கிடைத்தது நல்லதுதான்; கிடைத்த வழி வேதனையானது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இதே பாடத்தைத் தன் பல்லில் படித்தது. 1940 செப்டம்பர் 16 அன்று கட்டாயச் சேவைச் சட்டத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். அப்போதைய விதிப்படி உயரம் 5 அடி, எடை 105 பவுண்டு, எதிரெதிராகப் பொருந்தும் பற்கள் குறைந்தது பன்னிரண்டு. முதலில் பார்த்த சுமார் 20 லட்சம் பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் தள்ளப்பட்டார்கள். முன்னணிக் காரணம் சொத்தைப் பல். பொருளாதாரப் பெருமந்தத்தில் வளர்ந்த தலைமுறை அது. பல் மருத்துவரைப் பார்க்காமலே இருபது வயதைத் தாண்டியவர்கள் ஏராளம். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின் பல் விதியைத் தளர்த்தினார்கள். பொய்ப்பல் கட்டியாவது அழைத்துக்கொண்டார்கள். அப்படியும் போர் முடியும்போது, பரிசோதிக்கப்பட்ட ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் பேரில் சுமார் 64 லட்சம் பேர் நிராகரிக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கான குறி ‘4-எஃப்’. கேப்டன் அமெரிக்கா படத்தில் நோஞ்சான் இளைஞன் ஸ்டீவ் ரோஜர்ஸின் விண்ணப்பத்தில் விழும் முத்திரை இதுதான். 1941-ல் அந்தச் சித்திரக்கதை பிறந்தபோதே அவன் படைக்கு ஆகாதவன் என்று தள்ளப்பட்டவன்.

அந்தக் குறியைச் சுமந்தவர்களில் பெயர் தெரிந்தவர் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா. 1943 டிசம்பரில் நியூவார்க்கில் பரிசோதித்த மருத்துவர், செவிப்பறையில் துளை இருப்பதாகச் சொல்லி 4-எஃப் கொடுத்தார். பிறக்கும்போது ஆயுதம் போட்டு எடுத்ததில் அவர் இடது காதோரம் ஏற்பட்ட காயம் கடைசிவரை தெரிந்தது. ஆனால் ரேடியோவில் காதல் பாட்டுப் பாடி லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கிறவர் படைக்கு ஆகமாட்டாரா என்று சிப்பாய்கள் பொருமினார்கள். லஞ்சம் கொடுத்துத் தப்பினார் என்று கடிதம் பறந்தது. எஃப்பிஐ விசாரித்து, அதற்கு ஆதாரமில்லை என்று முடித்தது. புகழ்பெற்றவருக்கே இந்தக் கதி என்றால், ஊர் பேர் தெரியாத லட்சக்கணக்கானவர்கள் அண்டை வீட்டாருக்கு எத்தனை முறை விளக்கம் சொல்லியிருப்பார்கள்! மனநிலை காரணமாகத் தள்ளப்பட்டவர்கள் பாடு இன்னும் மோசம். சில நிமிடக் கேள்வியில் முடிவான அந்தத் தீர்ப்பு, வேலை கேட்டுப் போகும் இடங்களில் எல்லாம் பின்தொடர்ந்தது.

இன்னொரு பக்கம், பின்னாளில் அதிபரான ஜான் கென்னடி. முதுகுவலியால் ராணுவமும் கடற்படையும் ஏற்கவில்லை. தந்தையின் தொடர்புகளால் 1941-ல் கடற்படைக்குள் போனார். கிப்ளிங்கின் மகனுக்கு நடந்தது இவருக்கு நடக்காமல் போனது அதிர்ஷ்டம்தான். 1943 ஆகஸ்டில் இவருடைய படகை ஜப்பானியப் போர்க்கப்பல் இரண்டாகப் பிளந்தது. இருவர் இறந்தார்கள், இவர் நீந்திப் பிழைத்தார்.

போருக்குப் பின் 1946-ல் அமெரிக்காவில் பள்ளி மதிய உணவுச் சட்டம் வந்தது. தேசப் பாதுகாப்புக்கான நடவடிக்கை என்று அந்தச் சட்டமே சொல்லிக்கொள்கிறது. கட்டாயச் சேவைத் துறைத் தலைவர் லூயிஸ் ஹெர்ஷி, சத்துக்குறைவால் எத்தனை இளைஞர்கள் தேறாமல் போனார்கள் என்பதை நாடாளுமன்றக் குழுவின்முன் எடுத்துச் சொல்லியிருந்தார்.

வியட்நாம் போர்க்காலத்தில் அளவுகோல் மறுபடி வளைந்தது. இங்கே உடம்பு அல்ல, எழுத்துத் தேர்வு. குத்துச்சண்டை வீரர் முகமது அலி 1964-ல் அறிவுத்திறன் தேர்வில் தேறவில்லை. படைக்கு இப்போது வேண்டாம் என்று வகைப்படுத்தப்பட்டார். அவர் பெற்றது 16, வேண்டியது 30. 1966-ல் அந்த 30 என்பதை 15 ஆகக் குறைத்தார்கள். அலி ஒரு வரிகூடப் புதிதாக எழுதாமலே தேறிவிட்டார். 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் அவர் சேர மறுத்ததும், பட்டம் பறிபோனதும் எல்லோரும் அறிந்த கதை. அறியாத கதை, 1966-ல் பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா தொடங்கிய ‘திட்டம் ஒரு லட்சம்’. தேர்வில் தேறாதவர்களை விதி தளர்த்தி எடுத்தார்கள். 1971 வரை 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். பயிற்சி கொடுத்து வாழ்வில் உயர்த்துவோம் என்றார்கள். வறுமையிலிருந்து வந்த அந்தப் பையன்களில், கறுப்பினத்தவர் அளவுக்கு மீறிய விகிதத்தில் இருந்தார்கள். பலர் நேரே காலாட்படைக்குப் போனார்கள். மற்ற சிப்பாய்களைவிட அதிக விகிதத்தில் இறந்தார்கள். முன்பு ‘வேண்டாம்’ என்று சொன்னதே அவர்களுக்கு அரசு செய்த நன்மையாக இருந்திருக்கிறது.

இன்று இந்த வரலாறு உக்ரைனில் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே நீண்ட காலமாக ‘ஓரளவு தகுதியானவர்’ என்றொரு வகை இருந்தது. அமைதிக்காலத்தில் வேண்டாம், போர்க்காலத்தில் சில வேலைகளுக்கு ஆகும் என்ற நடு நிலை. ரஷ்யப் படையெடுப்பின் மூன்றாம் ஆண்டில், 2024 மே மாதம், அந்த வகையே சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அதில் இருந்தவர்கள் மறுபரிசோதனைக்கு வந்து, தகுதி, தகுதியில்லை, பின்னணிப் பிரிவுகளுக்கு மட்டும் தகுதி என்ற மூன்றில் ஒன்றைப் பெறவேண்டியிருந்தது. 2025 பிப்ரவரி 4 என்று இருந்த கெடுவைப் பிறகு ஜூன் 5 வரை நீட்டினார்கள். இந்த முறை நாட்டைக் காக்கும் போர் என்பதில் பெரும்பாலோருக்குச் சந்தேகமில்லை. அதனாலேயே கசப்பு இன்னும் ஆழமானது. 2023 ஆகஸ்டில் லஞ்சப் புகார்களையடுத்து மாகாண ஆள்சேர்ப்பு அலுவலகத் தலைவர்கள் அனைவரையும் அதிபர் செலன்ஸ்கி நீக்கினார். 2024 அக்டோபரில், உடல் ஊனச் சான்று வழங்கும் குழுக்களின் வழியாக அரசு வழக்கறிஞர்கள் பலர் மாற்றுத்திறனாளிகளாகப் பதிவாகியிருந்தது அம்பலமானது. தலைமை அரசு வழக்கறிஞர் பதவி விலகினார். அந்தக் குழுக்களையே கலைத்து, 2025 தொடக்கம் முதல் மருத்துவமனை நிபுணர்களிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். பொய்ச்சான்று வாங்கியவர்களைப் பிடிக்கத் தொடங்கிய மறுபார்வையில், உண்மையிலேயே நோயுள்ளவர்களும் பழைய மருத்துவக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அதே வரிசையில் மறுபடி நிற்க வேண்டியதாயிற்று.